எல்லை தாண்டி இருக்கும் சுடுகாடு: விளக்கு போடுவது யார், பாதை போடுவது யார்?

ஏரிக்கரையான் எழுதியது:

புரட்டாசி முதல் வாரத்தில் அப்பா தவறிவிட்டார். கருமாதி முடிந்து, வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பி, இப்போதுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது. மனசில் இருப்பதை எங்காவது கொட்ட வேண்டும். அப்படியே, இதற்கு வழி தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

எங்களுடையது தருமபுரி மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி. ஊர்ப் பெயர் வேண்டாம். எங்கள் ஊர்ச் சுடுகாடு எங்கள் ஊர் எல்லைக்குள் இல்லை. ஓடைக்கு அந்தப் பக்கம், பக்கத்துக் கிராம ஊராட்சி நிலத்தில் இருக்கிறது. தாத்தா காலத்திலிருந்தே அங்கேதான். சுடுகாடு என்று சொன்னாலும் எங்கள் ஆட்கள் புதைப்பதுதான் வழக்கம்.

அண்ணன் பெங்களூரில் கட்டட வேலை. பெரியவன் முகம் பார்க்காமல் எடுக்கக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். ஓசூர் தாண்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டு, அவன் வந்து சேரும்போது ஐந்தரை. சடங்கெல்லாம் முடித்து எடுக்கும்போது ஆறரை ஆகிவிட்டது.

எங்கள் ஊர்த் தெருவிளக்கில் கடைசிக் கம்பம் மாரியம்மன் கோயில் தாண்டி ஒரு புளியமரத்தடியில் நிற்கிறது. கம்பத்தில் வெள்ளை பெயின்டில் எண் எழுதியிருக்கும். வெளிச்சம் அதோடு சரி. சிமென்ட் ரோடும் அதோடு சரி. அங்கிருந்து அரை கிலோமீட்டர் வெறும் வண்டித்தடம். ஓடையில் இறங்கியதும் அமரர் ஊர்தியின் பின் சக்கரம் சேற்றில் சுற்ற ஆரம்பித்தது. டிரைவர் இரண்டு முறை முயற்சி செய்துவிட்டு, "இதுக்கு மேல போனா வண்டி சாஞ்சிடும்" என்றார். இறக்கித் தோளில் வைத்துக்கொண்டோம். மாமா பையன் செல்போன் லைட்டைப் பிடித்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டே பின்னோக்கி நடந்தான். "இங்க பள்ளம், இங்க கல்லு" என்று சொல்லிக்கொண்டே வந்தான். ஒரு இடத்தில் என் கால் வழுக்கியது. பாடை சாய்ந்து, கைக்கட்டு தளர்ந்து, அப்பாவின் கை வெளியே வந்து என் தோளில் பட்டது. சில்லென்று இருந்தது. ராத்திரி கண்ணை மூடினால் இன்னும் அது தெரிகிறது.

குழியில் தண்ணீர் ஊறிக் கிடந்தது. குழி தோண்டியவர்கள் இரண்டு பேர் பக்கெட்டில் இறைத்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். குழிக்குள் அவ்வளவு தண்ணீர், கொள்ளிக்குடத்துக்கு நல்ல தண்ணீர் ஒரு சொம்பு கிடையாது. குழாய் இருக்கிறது, வருவதில்லை. கடைசியில் பாதையோரத்தில் இருக்கும் கிராமத்து வீடு ஒன்றில் போய்க் கேட்டோம். அந்த அம்மா ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு குடம் எடுத்துக் கொடுத்தார். திரும்பி வரும்போது குடத்தைக் கொடுத்துவிட்டு நன்றி சொன்னேன். அப்போதுதான் சொன்னார்: "தண்ணி எவ்வளவு வேணும்னாலும் குடுக்கறேன் கண்ணு. எம் வாசல்ல பாடைய எறக்கித் திருப்பாதீங்கன்னு மட்டும் உங்க ஊர்ல சொல்லு."

மறு வாரம் ஒரு அலுவலகத்துக்குப் போனேன். அந்த இடம் எங்கள் எல்லையில் இல்லை, விளக்குப் போட நிதி ஒதுக்க முடியாது என்றார்கள். இன்னொரு அலுவலகத்துக்குப் போனேன். புதைக்கிறவர்கள் உங்கள் ஊர்க்காரர்கள், நாங்கள் ஏன் செலவு செய்ய வேண்டும் என்றார்கள். இரண்டு பேர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருப்பது போலத்தான் தெரிகிறது. நடுவில் அந்த அரை கிலோமீட்டர் இருட்டாகவே கிடக்கிறது.

உங்கள் பக்கம் இப்படி எங்காவது உண்டா? எப்படிச் சரி செய்தீர்கள்?

மாந்தோப்பு எழுதியது:

அண்ணா, முதலில் அப்பாவுக்கு என் அஞ்சலி. நான் கிருஷ்ணகிரி. எங்கள் ஊரில் பாதை பிரச்சினை இல்லை, ஆனால் மதில் இல்லை. மாடு மேய்கிறது, ராத்திரியில் குடிக்க வருகிறார்கள். சமாதி மேல் பாட்டில் உடைந்து கிடக்கிறது. பாட்டிக்குப் பால் தெளிக்கப் போன அன்று அம்மா காலில் கண்ணாடி ஏறிவிட்டது.

ஒன்று மட்டும் தோன்றுகிறது. செத்தவர்களை ஊருக்குத் தள்ளி வைப்பது நம் பக்கம் நேற்று வந்த பழக்கம் இல்லை. சூளகிரி பக்கம் மல்லச்சந்திரம் குன்றில் ஏறினால் கல்திட்டைகள் இருக்கின்றன. பெரிய பெரிய பலகைக் கல்லை நிறுத்தி, மேலே ஒரு மூடுகல், ஒரு பலகையில் வட்டமாக ஒரு துளை. பெருங்கற்காலத்து வேலை. பாறை மேல் அவ்வளவு கல்லை ஏற்றியிருக்கிறார்கள். தள்ளி வைத்தார்கள், ஆனால் விட்டுவிட்டு வரவில்லை.

சுடுகாட்டுப் பாதை வீடு எழுதியது:

இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஏரிக்கரையான் அண்ணா, நீங்கள் எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குக் குடம் கொடுத்த அம்மா நான் இல்லை. ஆனால் நானும் அந்த மாதிரி ஒரு வீட்டில் வாழ்க்கைப்பட்டு வந்தவள். பதினான்கு வருடமாக டவுன்காரர்களின் சாவு எல்லாம் எங்கள் வாசல் வழியாகத்தான் போகிறது.

பாடையைத் திருப்புவது பற்றி அந்த அம்மா சொன்னது வெளியூர்க்காரர்களுக்குப் புரியாமல் போகலாம், அதனால் சொல்கிறேன். வீட்டிலிருந்து சுடுகாட்டுக்குப் பாதி வழியில் பாடையை இறக்கி, தலை இருந்த பக்கம் கால் வருகிற மாதிரி திருப்பித் தூக்குவார்கள். போனவர் திரும்பி வீட்டுக்கு வழி தேடி வரக்கூடாது என்று. அங்கே அரிசி தூவுவார்கள், தேங்காய் உடைப்பார்கள், சில பேர் கோழி கூட விடுவார்கள். எங்கள் பக்கத்து டவுனிலிருந்து கணக்குப் போட்டால் பாதி வழி என்பது எங்கள் வீட்டு வாசல். எங்களுக்கு அது வாசல், கோலம் போடுகிற இடம். என் மகள் பத்தாவது பரீட்சைக்குக் கிளம்பிய காலையில் படியில் இறங்கியதும் முன்னால் உடைந்த தேங்காயும் அரிசியும். அவளைத் திரும்ப உள்ளே கூப்பிட்டு, வாசலைக் கழுவி, அப்புறம் அனுப்பினேன். பஸ் போய்விட்டது. அவள் அப்பா வண்டியில் கொண்டுபோய் விட்டார்.

பூவை நாங்கள்தான் பெருக்குகிறோம். டவுன் துப்புரவு வண்டி எங்கள் ஊருக்குள் வராது. போன மாசியில் வெடி வைத்ததில் பொறி பறந்து வைக்கோல் போர் பிடித்துக்கொண்டது. அக்கம்பக்கத்தார் ஓடி வந்து அணைத்ததால் மாட்டுக்கொட்டகை தப்பியது. யாரிடம் போய்க் கேட்பது? சாவு வீட்டுக்காரர்களிடம் போய்ச் சண்டை போட மனசு வருமா?

இன்னொன்று. எங்கள் மாமனார் போனபோது அங்கே அடக்கம் செய்யப் போனோம். இது டவுன் சுடுகாடு, உங்களுக்கு வேறு இடம் இருக்கிறதே என்று ஒருவர் வந்து நிறுத்தினார். எங்கள் ஊர் எல்லையில் இருக்கிற மண்ணில் எங்கள் ஆளைப் புதைக்க ஒரு மணி நேரம் கெஞ்ச வேண்டியதாகிவிட்டது.

விளக்கு வேண்டும் என்று நீங்கள் கேட்கிறீர்கள். எனக்கும் வேண்டும். ராத்திரி எங்கள் பிள்ளைகளும் அந்த வழியில்தான் வருகிறார்கள். ஆனால் விளக்கைக் கேட்கிறவர்கள் எங்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஏரிக்கரையான் எழுதியது:

அக்கா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். அன்றைக்கு நாங்களும் அந்த வீட்டு வாசலில்தான் திருப்பினோம். இருட்டு, மழை, கீழே வைக்க மேடான இடம் அது ஒன்றுதான் இருந்தது. அரிசியும் போட்டோம். அதற்குப் பிறகும் அந்த அம்மா குடத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார். தலைப்பில் "விளக்கு போடுவது யார்" என்று எழுதியபோது எனக்கு எங்கள் ஊர்ச் சங்கடம் மட்டும்தான் தெரிந்தது.

பழைய கணக்கு எழுதியது:

தம்பி, நான் வருவாய்த் துறையில் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்தத் தகராறை என் பணிக்காலத்தில் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். அலுவலகத்தில் நின்று வாதாடுவதற்கு முன்னால் காகிதத்தைப் பாருங்கள்.

கிராமக் கணக்கில் அ-பதிவேடு என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு புல எண்ணும், அதாவது சர்வே நம்பரும், பட்டாவா, புறம்போக்கா, புறம்போக்கு என்றால் என்ன வகை என்று அதில் இருக்கும். வருவாய்த் துறை இணையதளத்திலேயே மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்துப் பார்க்கலாம். சுடுகாட்டைப் பார்த்ததோடு விட்டுவிடாதீர்கள், பாதையையும் பாருங்கள். சுடுகாடு கணக்கில் இருக்கும், அதற்குப் போகிற தடம் கணக்கில் இருக்காது. யாரோ ஒருவருடைய பட்டா நிலத்து வரப்பாக இருக்கும். நாலு தலைமுறையாக நடந்தோம் என்பது வேறு, சர்வே வரைபடமான புலப்படத்தில் வண்டிப்பாதை என்று கோடு இருப்பது வேறு. கோடு இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லாவிட்டால் அந்த நிலத்துக்காரரிடம் பேசாமல் ஜல்லி கொட்ட முடியாது. கொட்டினால் வழக்கு வரும்.

அடுத்தது சட்டம். 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி மேய்ச்சல் தரை, களம், சுடுகாடு, இடுகாடு, தோப்பு போன்ற புறம்போக்குகள் கிராம ஊராட்சியின் பொறுப்பில் வருகின்றன. ஆகவே அந்த மண்ணில் அந்த ஊர்க்காரர்களைத் தடுத்தவர் செய்தது தவறு. அந்தச் சகோதரியிடம் இதைச் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். அதே சமயம் 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலேயே, நகராட்சி தன் எல்லைக்கு உள்ளேயோ வெளியேயோ மயானம் ஏற்படுத்தலாம் என்ற ஏற்பாடு இருந்தது. நகரத்துக்கு வெளியே மயானம் என்பதைச் சட்டம் நூறு வருடத்துக்கு முன்பே யோசித்திருக்கிறது. எல்லைக்கு வெளியே ஒரு பைசா செலவு செய்ய வழியே இல்லை என்று வாயால் சொன்னால் திரும்பி வராதீர்கள். மனு கொடுத்து, பதிலை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் எழுத வேண்டும் என்றால் சட்டப் புத்தகத்தைப் புரட்டித்தான் ஆக வேண்டும்.

90 மீட்டர் கணக்கையும் மறக்க வேண்டாம். ஊராட்சிப் பகுதிகளுக்கான 1999-ஆம் ஆண்டு விதிகளில், குடியிருப்பிலிருந்தும் குடிநீர் ஆதாரத்திலிருந்தும் 90 மீட்டருக்குள் புதைப்பதற்கும் எரிப்பதற்கும் தடை இருக்கிறது. பழைய சுடுகாட்டை நோக்கி வீடுகள் நெருங்கி வந்த ஊர்களில் இதுதான் பெரிய சிக்கல். சுடுகாட்டுக்கு எதிரே வீட்டுமனை போட்டு விற்கும்போது யாரும் டேப் பிடித்து அளப்பதில்லை. பத்து வருடம் கழித்து, சுடுகாட்டை எடு என்று போராட்டம் நடக்கும்.

வேப்பம்பூ எழுதியது:

ஐயா, ஒரு சந்தேகம். இறந்தது டவுனில், புதைத்தது கிராமத்தில் என்றால் இறப்புச் சான்றிதழ் யார் தருவார்கள்? எங்கள் சித்தப்பாவுக்கு இரண்டு பக்கமும் அலைந்தோம்.

பழைய கணக்கு எழுதியது:

இறப்பு நடந்த இடம் எதுவோ அங்கேதான் பதிவு அம்மா. புதைத்த இடம் கணக்கில் வராது. வீட்டில் இறந்தால் அந்த வீடு இருக்கும் உள்ளாட்சி. மருத்துவமனையில் என்றால் மருத்துவமனை இருக்கும் ஊர். 21 நாளுக்குள் சொல்லிவிட்டால் கட்டணம் கிடையாது. துக்கத்தில் நாள் ஓடிவிடும், யாராவது ஒருவர் தேதியை எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

ஊர்தி எழுதியது:

நான் அமரர் ஊர்தி ஓட்டுகிறேன். தனியார் வண்டி. தருமபுரி, பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் நிறைய ஓடியிருக்கிறேன். அண்ணன் சொன்ன மாதிரி ஓடைகளில் எத்தனையோ தடவை மாட்டியிருக்கிறேன். வண்டி நின்றதும் சாவு வீட்டுக்காரர்கள் நம்மைப் பார்க்கிற பார்வையைத் தாங்க முடியாது.

பாதை போடச் சொல்லும்போது இதையும் சேர்த்துக் கேளுங்கள். சுடுகாட்டு வாசலில் வண்டி திரும்ப இடம் வேண்டும். பல ஊர்களில் பத்தடி அகலத்துக்கு சிமென்ட் ரோடு நேராகப் போட்டுவிட்டு முடித்துவிடுகிறார்கள். உள்ளே போன வண்டி பின்னாலேயே அரை கிலோமீட்டர் வர வேண்டும். பின்னால் ஐம்பது பேர் நடந்து வருவார்கள், சின்னப் பிள்ளைகளும் இருப்பார்கள். கண்ணாடியில் எத்தனை பேரைப் பார்ப்பது? ஓடையில் குழாய் பதித்து மேலே மண் போடுவதைவிட, தண்ணீர் மேலே ஓடுகிற மாதிரி கான்கிரீட் தரைப்பாலம் போடுங்கள். குழாய் ஒரே மழையில் முள்ளும் செத்தையும் அடைத்துக்கொள்ளும். அப்புறம் பாதையையே அரித்துவிடும்.

பெங்களூரிலிருந்து வரும் உடல்கள் பெரும்பாலும் இருட்டிய பிறகுதான் ஊர் வந்து சேர்கின்றன. நம் மாவட்டத்து ஆட்கள் பாதிப் பேர் அங்கே வேலையில் இருக்கிறார்கள். அதனால் சுடுகாட்டு விளக்கு நம் பக்கம் ரொம்ப அவசியம். கம்பி இழுக்க நாளாகும் என்றால் சோலார் விளக்கு நாலு நட்டாலே போதும்.

கிழக்குத் தெரு எழுதியது:

எல்லாரும் நல்ல மனசோடு எழுதுகிறீர்கள். ஆனால் யாரும் இதுவரை கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். "ஊர்ச் சுடுகாடு" என்கிறீர்களே, ஊர் என்றால் யார்? அந்தப் பேரூராட்சியில் காலனிக்காரர்களும் அங்கேதான் புதைக்கிறார்களா, அவர்களுக்கு வேறு இடமா? எங்கள் ஊரில் மூன்று இடம். எங்களுடையது கடைசியில், ஏரி நிரம்பினால் தண்ணீர் ஏறுகிற பள்ளத்தில்.

பாதை என்றதும் எனக்கு வாணியம்பாடிதான் ஞாபகம் வருகிறது. 2019-ல் பாதை கொடுக்காததால் பாலாற்றுப் பாலத்து மேலிருந்து உடலைக் கயிறு கட்டி இறக்கினார்கள். நம் பக்கத்து மாவட்டம்தான். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அதை வழக்காக எடுத்தது. சேற்றில் தோளில் தூக்கிப் போனதை அண்ணன் எழுதியபோது எனக்கு வலித்தது. எங்கள் பக்கம் அது ஒவ்வொரு மழைக்கும் நடக்கிறது. புதிதாகப் பாதையும் விளக்கும் வாங்கப் போகிறீர்கள் என்றால் எல்லாத் தெருவுக்கும் சேர்த்து வாங்குங்கள். சாதி வேறுபாடு இல்லாத மயானம் இருக்கும் சிற்றூர்களுக்கு 10 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை என்று அரசே அறிவித்திருக்கிறது.

ஏரிக்கரையான் எழுதியது:

நீங்கள் கேட்டது சரியான கேள்வி. எங்கள் ஊரிலும் காலனிக்குத் தனி இடம்தான். அதே ஓடைக்கு அந்தப் பக்கம், இருநூறு அடி தள்ளி. வண்டித்தடம் ஒன்றே. மனுவில் இரண்டு இடத்தையும் எழுதுகிறேன். பாதை இரண்டாகப் பிரியும் இடம் வரைக்கும் என்று எழுதினால் போதாது என்பது இப்போது புரிகிறது.

தேம்ஸ் எழுதியது:

ஊத்தங்கரைக்காரன், லண்டனில் வேலை. ஈஸ்ட் ஃபின்ச்லியில் முன்பு தங்கியிருந்தேன். பக்கத்தில் மிகப் பெரிய கல்லறைத் தோட்டம் ஒன்று. பெயர்ப் பலகையில் செயின்ட் பாங்க்ரஸ், இஸ்லிங்டன் என்று இருக்கும். அந்த இரண்டு இடமும் அங்கிருந்து பல கிலோமீட்டர் தூரம். முதலில் குழப்பமாக இருந்தது.

பிறகு தெரிந்துகொண்டேன். 1850-களில் லண்டனுக்குள் தேவாலய வளாகங்களில் புதைக்க இடமே இல்லாமல் போனது. காலரா பயம் வேறு. நகருக்குள் புதைப்பதை நிறுத்தச் சட்டம் வந்தது. செயின்ட் பாங்க்ரஸ்காரர்கள் ஃபின்ச்லியில் ஒரு பண்ணை நிலத்தை வாங்கி 1854-ல் இதைத் திறந்தார்கள். லண்டனில் உள்ளாட்சியே சொந்தமாக நடத்திய முதல் கல்லறைத் தோட்டம் அதுதான். இன்றைக்கு அது இருப்பது பார்னெட் என்ற உள்ளாட்சியின் எல்லையில். ஆனால் நிர்வாகம் இஸ்லிங்டன், கேம்டன் கையில். பாரிஸிலும் அப்படித்தான். 1886-ல் திறந்த பாந்தேன் கல்லறைத் தோட்டம் 100 ஹெக்டேருக்கு மேல், நகர எல்லைக்கு வெளியே, ஆனால் பாரிஸ் நகராட்சியுடையது.

இதை இங்கே எழுதக் காரணம் பெருமை பேச இல்லை. மயானம் எல்லைக்கு வெளியே போகலாம், பொறுப்பு கூடவே போக வேண்டும். நாளைக்கு அங்கே ஒரு சுவர் இடிந்தால் யாரிடம் கேட்பது என்று யாரும் தேட வேண்டியதில்லை. உங்கள் சுடுகாட்டு வாசலில் அப்படி ஒரு பலகை இருக்கிறதா?

ஏரிக்கரையான் எழுதியது:

பலகை இருக்கிறது தம்பி. பெயின்ட் உதிர்ந்து, எந்த ஊர் என்று இருந்த இடம் மட்டும் துருவாக இருக்கிறது.

சுடுகாட்டுப் பாதை வீடு எழுதியது:

எங்கள் ஊரில் கிராம சபைக்கு நான் போவேன். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள் கூடுகிறது. அடுத்தது நவம்பர் 1. அண்ணா, உங்கள் பக்கத்துக் கிராமத்திலும் அன்றைக்குக் கூடும். முதலில் அந்த அம்மாவைப் போய்ப் பாருங்கள். அவர் எழுந்து நின்று சொன்னால் ஊர் கேட்கும். நீங்கள் சொன்னால் டவுன்காரர் வந்து கேட்கிறார் என்பார்கள்.

ஏரிக்கரையான் எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

பழைய கணக்கு ஐயா சொன்னபடி பார்த்தோம். சுடுகாடு இரண்டு புல எண்ணாக இருக்கிறது, இரண்டும் மயானம் என்றே பதிவில் உள்ளன. பாதை புலப்படத்தில் ஓடை வரைக்கும் வண்டிப்பாதை. ஓடை தாண்டி இருநூறு அடி ஒரு பெரியவருடைய பட்டாவில் வருகிறது. அவரைப் போய்ப் பார்த்தோம். தன் தம்பியையே அந்த வழியில்தான் தூக்கிப் போனதாகச் சொன்னார். பாதைக்கு எழுதிக் கொடுக்கிறேன், ஆனால் என் கிணற்றுப் பக்கம் வண்டி ஏறாமல் கல் நட வேண்டும் என்றார். அது நியாயம்தான்.

குடம் கொடுத்த அம்மாவைப் பார்க்க நானும் என் அம்மாவும் போனோம். அம்மா தலையில் பூ இல்லாமல் அந்த வாசலில் ஏறத் தயங்கி வெளியிலேயே நின்றார். அந்த அம்மா வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்து, டீ போட்டுக் கொடுத்தார். அரை மணி நேரம் இரண்டு பேரும் பேசியது என்ன என்று எனக்குத் தெரியாது. நான் வெளியே நின்றுகொண்டு, பாடையைத் திருப்ப வேறு எந்த இடம் தோதாக இருக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 1 கிராம சபையில் அனுமதி கேட்டு எங்கள் தெருவிலிருந்து ஐந்து பேர், காலனியிலிருந்து மூன்று பேர் ஓரமாக உட்கார்ந்தோம். அந்த அம்மாதான் பேசினார். தீர்மானம் போட்டார்கள். பாதையும் தரைப்பாலமும் வேண்டும், விளக்குச் செலவைப் பேரூராட்சி ஏற்க வேண்டும், கிராமத்து ஆட்களும் எல்லாத் தெருக்காரர்களும் அங்கே அடக்கம் செய்ய யாரும் தடை சொல்லக்கூடாது. அதன் நகலை வைத்து எங்கள் பக்கம் மனு கொடுத்திருக்கிறோம். திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீஸிலும் ஒன்று. பதில் இன்னும் வரவில்லை. எழுத்தில்தான் கேட்டிருக்கிறோம்.

பாடையைத் திருப்புவதை மட்டும் நாங்களே மாற்றிவிட்டோம். கடைசி விளக்குக் கம்பத்துக்குக் கீழே, புளியமரத்தடியில், எங்கள் எல்லைக்குள். பாதி வழி இல்லை என்று பெரியவர்கள் இரண்டு பேர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. பூசாரி, "வீட்டுத் திக்கு தெரியாத எடமா இருந்தா சரி" என்று சொன்ன பிறகு அடங்கினார்கள். கீழே வைக்க ஒரு பலகைக் கல் போட்டிருக்கிறோம்.

போன வெள்ளிக்கிழமை எங்கள் தெருவில் ஒரு பாட்டி போனார். புளியமரத்தடியில் திருப்பித் தூக்கினோம். அந்த வீட்டைக் கடக்கும்போது பறையை நிறுத்தச் சொன்னோம். வாசலில் கோலம் அழியாமல் இருந்தது. திண்ணையில் இரண்டு குடம் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார்கள்.